பத்திரத்தை வங்கியில் வைக்கும் முன்

பிளஸ் 2 முடிவு வந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரியையும் கடனையும் பற்றியவைதான். பொதுத்துறை வங்கிக் கிளைகளில் கல்விக் கடன் மனுக்களைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மகள் தனியார் பள்ளியில் பிளஸ் 2 முடித்து 178 கட்-ஆஃப் எடுத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். போன வருடக் கணக்கைப் பார்த்தால் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) கிடைக்கலாம் என்கிறார்கள். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 வரை ஆகும் போல. ஆனால் சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். ஆண்டுக் கட்டணம் 3,25,000. விடுதிக்கு 1,50,000. நேரில் போய்ப் பார்த்தோம். ஏ.சி. நூலகம், நீச்சல் குளம், உள்ளேயே பேட்டரி வண்டி. மகளுக்கு அங்கேதான் மனசு. 50,000 முன்பணமும் கட்டிவிட்டோம். கையில் 5 லட்சம் இருக்கிறது, மீதி 14 லட்சத்துக்கு வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். வீடு இறந்துபோன என் அப்பா பெயரில் இருக்கிறது. வைக்கலாமா?
— ஒரு தந்தை, உசிலம்பட்டி

பதில்: வைக்காதீர்கள் ஐயா. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆண்டுக்கு 3.5 லட்சம் வீதம் 4 ஆண்டுக்கு 14 லட்சம் கடன். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் வட்டிக்கு அந்த விடுப்பு கிடையாது. முதல் செமஸ்டர் பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்கிவிடும். தனி வட்டியாகப் போட்டாலே, மகள் முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டும் 5,39,000 சேர்ந்திருக்கும். கடன் 19,39,000 ஆகிவிடும். அதை 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 26,700 கட்ட வேண்டும். 15 ஆண்டாக இழுத்தால் மாதம் 22,000 சொச்சம். கட்டி முடிக்கும்போது மொத்தம் 39 லட்சத்தைத் தாண்டியிருக்கும், மகளுக்கு வயது 38 ஆகியிருக்கும்.

இப்போது வரவைப் பாருங்கள். கல்லூரிக்கு வந்து கூட்டமாக ஆள் எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்குக் கொடுப்பது பல ஆண்டுகளாகவே ஆண்டுக்கு 3.5 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. பி.எஃப். பிடித்தம் போக மாதம் 25,000 கைக்கு வந்தால் நல்லது. சென்னையிலோ பெங்களூரிலோ தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அதில் பாதி போய்விடும். 10 ஆண்டுத் தவணையோ முழுச் சம்பளத்தையும் விட அதிகம். அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது? லோடு ஆட்டோதான் கட்ட வேண்டும்.

வட்டி மானியம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். ஆனால் கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும், மேனேஜ்மென்ட் ஒதுக்கீட்டு இடமாக இருக்கக் கூடாது. உங்களுக்குத் தருவது எந்த வகை இடம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். படிக்கும் காலத்து வட்டி முழுவதையும் யாரோ கட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 14 லட்சம் அசலுக்கு 10 ஆண்டுத் தவணை மாதம் 19,000-க்கு மேல் வருகிறது.

அடுத்தது பத்திரம். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு வங்கி எந்தப் பிணையும் கேட்கக் கூடாது. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை, பிணைக்குப் பதிலாக அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதையும் தாண்டும்போதுதான் பத்திரம் கேட்பார்கள். உங்கள் வீடு அப்பா பெயரில் இருப்பதால் வங்கி வக்கீல் வாரிசுச் சான்று கேட்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். உங்களோடு பிறந்தவர்கள் இருந்தால் அத்தனை பேரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அல்லது கடனில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இதற்காக அக்கா தம்பிகள் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும். தவணை கட்டாமல் நின்று கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி, வழக்குப் போடாமலேயே வங்கி அடமான வீட்டைக் கையகப்படுத்த முடியும். கையெழுத்துப் போடும் நாளில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கட்டுக் கட்டாகத் தாள்கள், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து, அவ்வளவுதான்.

அப்படியானால் எவ்வளவு கடன் வாங்கலாம்? தவணை முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவு. 25,000 சம்பளம் என்றால் மாதம் 8,000. அதைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், 4 ஆண்டிலும் சேர்த்து வாங்கக் கூடிய கடன் ஏறக்குறைய 4 லட்சம். பிணை கேட்காத வரம்பும் அதே 4 லட்சம்தான். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அதற்குள் நின்றுவிட்டால், வேலை கிடைக்க ஓர் ஆண்டு தாமதமானாலும் குடும்பம் தாங்கும்.

சரி, கேம்பஸ். உங்கள் மகளின் ஆசையை நான் லேசாக எண்ணவில்லை. பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வெளியே போய், வேறு வேறு ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருந்து படிப்பது பெரிய விஷயம். நம் வீட்டுப் பெண்களுக்கு அது இன்னும் பெரிய விஷயம். கிளையில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். முதல் செமஸ்டரில் அப்பா முதுகுக்குப் பின்னால் நின்று, நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அப்பா முகத்தைப் பார்த்தே பதில் சொல்லும் ஒரு பெண். மூன்றாம் ஆண்டில் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு தனியாக வந்து, பாஸ்புக்கை நீட்டி, “இந்த 118 ரூபாய் எதுக்கு மேடம் பிடிச்சிருக்கீங்க?” என்று கேட்பாள். விடுதியில் தங்கி அரசுக் கல்லூரியில் படித்த பெண் அவள். மெஸ் கணக்கை மாணவர்களே பார்த்து, மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் விடுதி. அரிசி மூட்டை விலை தெரிந்தவளிடம் நாங்கள் 118 ரூபாய்க்குக் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் தைரியத்துக்கு நீச்சல் குளம் தேவைப்படவில்லை.

அந்தச் சென்னைக் கேம்பஸை இன்னொரு தடவை, வேலை நாளில், மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் விடுதிக்குள் எத்தனை மணிக்கு வர வேண்டும், ஆண்கள் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். நூலகம் இரவு வரை திறந்திருந்தாலும் பெண்கள் ஆறரைக்கு விடுதிக்குள் இருந்தாக வேண்டும் என்றால் அந்த ஏ.சி. உங்கள் மகளுக்கு இல்லை. பணம் மட்டும் அவளும் சேர்த்துக் கட்டுவாள். திருநெல்வேலியிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். சுற்றிக் காட்ட வரும் பணியாளரை விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரைப் பிடியுங்கள். ஆய்வகத்தில் கருவியை நீங்களே தொட்டு வேலை செய்கிறீர்களா, உங்கள் சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கேம்பஸ் எப்படிப்பட்டது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 95 சதவீதம், 98 சதவீதம் என்று போட்டிருந்தால் எத்தனை பேரில் என்று கேளுங்கள். அரியர் இருப்பவர்களையும் பெயர் கொடுக்காதவர்களையும் கழித்துவிட்டுப் போட்ட சதவீதமாக இருக்கும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் கொடுக்கும் விவரங்கள் இணையத்தில் இருக்கின்றன. எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்கள் சம்பளத்தின் இடைநிலை அளவு (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) என்ன என்று அதில் பார்க்கலாம். ஒரே ஒருவருக்குக் கிடைத்த 40 லட்சத்தைத் தட்டியில் போடலாம், இடைநிலை அளவை அந்த ஒருவரை வைத்து உயர்த்த முடியாது. இ.இ.இ. எடுத்தால் ஐ.டி. வேலை கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். கூட்டமாக ஆள் எடுக்கும் அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் எல்லாப் பிரிவினரையும் தேர்வுக்கு அழைக்கின்றன. மின்வாரியம், பொதுத்துறை வேலைகள், கேட் தேர்வு என்று இ.இ.இ.க்குத் தனி வழிகளும் உண்டு.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். அதற்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். சென்னை இடத்துக்கு அது கிடைக்காது. கட்டிய 50,000-ஐ நினைத்து முடிவு எடுக்காதீர்கள். இடத்தை விட்டு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஆண்டுதோறும் கடைசித் தேதி அறிவிக்கிறது. 2024-25இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும் திருப்பித் தரச் சொல்லியிருந்தது. இந்த ஆண்டுத் தேதியைப் பார்த்து, கடிதமும் மின்னஞ்சலும் இரண்டுமே அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கையில் இருக்கும் 5 லட்சத்தில் திருநெல்வேலிப் படிப்புச் செலவு முழுதும் அடங்கி, பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. மகளுக்கு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். விடுமுறையில் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமா, கேட் பயிற்சிக்குப் போக வேண்டுமா, அதற்கும் பணம் இருக்கும்.

கேள்வி: மேடம், நான் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தேன். கட்-ஆஃப் 152. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் காரைக்குடி அரசுப் பொறியியல் கல்லூரிக்கு முயற்சி செய்யலாம் என்கிறார் எங்கள் டீச்சர். பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வீட்டுக்கே வந்து, 20,000 ரூபாய் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறோம், பஸ் வாசலுக்கே வரும், கலந்தாய்வுக்கு அலைய வேண்டாம் என்கிறார்கள். டி.சி.யும் மார்க் ஷீட்டும் கேட்கிறார்கள். விடுதி வேண்டாம், பெண் பிள்ளை வீட்டிலிருந்தே போகட்டும் என்பது அப்பாவின் எண்ணம். எனக்கு விடுதியில் தங்கிப் படிக்க ஆசை.
— ஒரு மாணவி, பரமக்குடி அருகே

பதில்: மகளே, முதல் காரியம், டி.சி.யை யார் கையிலும் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டிருந்தால் நாளைக்கே போய்க் கேள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. விதியே இருக்கிறது.

இப்போது அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இலிருந்து பொறியியல் படிப்புக்கும் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் தமிழக அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உன் கணக்குக்கு வரும். அதாவது, நீ விடுதியில் தங்கிப் படிக்க அப்பா கடன் வாங்க வேண்டியதே இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கலந்தாய்வுக்குப் போகாமல் நேரடியாக அவர்களிடம் சேர்ந்தால் 7.5 சதவீதச் சலுகை முழுவதும் போய்விடும். முதல் பட்டதாரிச் சலுகையும் போய்விடும். அவர்கள் குறைக்கும் 20,000 போக மீதிக் கட்டணமும் பஸ் காசும் நான்கு ஆண்டும் அப்பா தலையில்தான் விழும். அந்தக் கல்லூரியே உனக்குப் பிடித்திருந்தாலும் கலந்தாய்வு வழியாக அதைத் தேர்ந்தெடு.

காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி 1952இலிருந்து இருப்பது. உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து காலையில் கிளம்பினால் போய்ப் பார்த்துவிட்டு இருட்டும் முன் வீடு திரும்பலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. பெண்கள் விடுதி வார்டனிடம் அம்மா பேசட்டும். இரவில் உடம்பு சரியில்லை என்றால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், ஊருக்கு வர அனுமதிக் கடிதம் எப்படி, தண்ணீர் எப்படி என்று அம்மாவே கேட்கட்டும். அப்பாக்களின் பயம் பெரும்பாலும் பார்க்காத இடத்தின் மேல் வரும் பயம்தான்.

ஐயா, நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. காலை ஆறரைக்குப் பஸ் ஏறி இரவு ஏழுக்கு வீடு வந்து, அம்மாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கும் பெண்ணுக்கும், விடுதியில் பக்கத்து அறை சீனியரிடம் கணக்குக் கேட்டுப் படிக்கும் பெண்ணுக்கும் ஒரே தேர்வுதான் வைக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகள் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் வைத்து மதிப்பெண் பட்டியலோடு வந்து நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து சீக்கிரம் மீண்டவர்கள் பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகள். விடுங்கள் ஐயா, போகட்டும்.

கேள்வி: மகன் திருச்சியில் பி.காம். சேர ஆசைப்படுகிறான். கட்டணமும் விடுதியும் சேர்த்து 3 ஆண்டுக்கு 2.5 லட்சம். வங்கியில் அலைய விடுகிறார்கள். என் நகையை வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். — ஒரு தாய், மன்னார்குடி

பதில்: நகைக் கடன் ஒரே நாளில் கிடைக்கும். ஆனால் அதற்குப் பொதுவாக ஓர் ஆண்டுதான் தவணை. வருடா வருடம் வட்டியைக் கட்டித்தான் மாற்றி வைக்க முடியும். பையன் படித்து முடிக்கும் வரை அது காத்திருக்காது. கல்விக் கடன் காத்திருக்கும். 4 லட்சத்துக்குள் என்பதால் உங்களிடம் பிணை கேட்க முடியாது, கையிலிருந்து பங்குப் பணம் போடவும் சொல்ல முடியாது. உங்கள் வீடு எங்கள் கிளையின் எல்லைக்குள் வரவில்லை என்று மனுவைத் தள்ளவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வாயால் கேட்டு அலையாதீர்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், மனு எண் வரும். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லூரியிலிருந்து 3 ஆண்டுக் கட்டண விவரத்தை லெட்டர்ஹெட்டில் வாங்கும்போது விடுதி, மெஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பலர் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் வாங்கி வந்துவிட்டு, விடுதிக்கு நகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

கேள்வி: 2023இல் பொறியியல் முடித்தேன். 6 லட்சம் கடன். ஒரு வேலை கிடைத்து, ஐந்து மாதத்தில் போய்விட்டது. இப்போது உணவு டெலிவரி செய்கிறேன். இரண்டு தவணை கட்டவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து மிரட்டுகிறார்கள். அவர் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். அந்தக் கல்லூரியில் சேர்ந்ததே தப்போ என்று தோன்றுகிறது. — பெயர் வேண்டாம், தருமபுரி

பதில்: தம்பி, கல்லூரி முடிந்த கதை. இன்றைக்கு உன் கையில் இருப்பது நாட்கணக்கு. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கு அப்புறம் மேலாளர் நினைத்தாலும் செய்யக் கூடியது குறைவு. நீ இன்னும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறாய். அதனால் இந்த வாரமே கிளைக்குப் போ. அப்பாவும் கூட்டுக் கடன்தாரர் என்பதால் அவரையும் அழைத்துக்கொண்டு போ.

கையில் ஒரு கடிதம் இருக்கட்டும். எந்தத் தேதியில் வேலை போனது, இப்போது மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு கட்ட முடியும் என்று மூன்றே விஷயம். வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தையும் கணக்கு விவரத்தையும் பின்னால் இணைத்துவிடு. வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே, வேலையில்லாத காலத்துக்குத் தவணை விடுப்புக் கொடுக்கலாம், கடன் காலத்தில் இரண்டு மூன்று முறைகூடக் கொடுக்கலாம் என்று இருக்கிறது. அதைக் கேள். கூடவே தவணைக் காலத்தை 15 ஆண்டுக்கு நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்கவும் கேள். மொத்த வட்டி கூடும். இப்போதைக்கு அது பரவாயில்லை, நல்ல வேலை கிடைத்ததும் முன்கூட்டியே அடைத்துவிடலாம். கடிதத்தின் நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதே. பேசும் நாளில் 1,000 ரூபாயாவது கணக்கில் கட்டிவிட்டு மேலாளரைப் பார். அந்த வரவைத் திரையில் பார்த்துவிட்டுப் பேசும் மேலாளரின் குரலே வேறாக இருக்கும். அந்த நாற்காலியில் இருந்தவள் சொல்கிறேன்.

வசூலுக்குப் பேசுபவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. இது ரிசர்வ் வங்கி உத்தரவு. எந்த எண், எந்த நேரம், என்ன பேசினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடு. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், காசு கிடையாது.

அப்பா பேசாமல் இருப்பது உன் மேல் உள்ள கோபத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் கேட்ட வார்த்தைகளை உன்னிடம் சொல்ல முடியாமல் அவர் இருக்கலாம். கடிதத்தை எழுதிவிட்டு அவரிடம் படித்துக் காட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கு. மேலாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. விடுப்புக் கிடைக்காவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.